விதி எழுதுகிறவர் பலர், விசில் ஊதுகிறவர் ஐவர்

அமெரிக்காவில் செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் வெள்ளிக்கிழமை இரவு ஒரு திருவிழா. பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி உயர்ந்த கம்பங்களில் விளக்குகள் எரிகின்றன. பாண்டு வாத்தியம் முழங்குகிறது. பாட்டன், அப்பன், பேரன் என்று மூன்று தலைமுறையும் படிவரிசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிறது. தொழில்முறைக் கோஷ்டிகளின் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் காட்டி இந்தக் கூட்டத்தைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக, வெள்ளிக்கிழமை இரவு ஒளிபரப்புக்கு 1960-களிலேயே அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டத்தின் மூலம் முட்டுக்கட்டை போட்டது. அவ்வளவு மதிப்பு இந்தப் பள்ளிக்கூட ஆட்டத்துக்கு!

ஆடுகிறவர்கள் பதினாலு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட பையன்கள். ஆட்டத்தின் பெயர் ‘புட்பால்’. நாம் அறிந்த கால்பந்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர அதிக ஒற்றுமை கிடையாது. பந்து உருண்டையாக இராது. இரு முனையும் கூர்ந்து நீண்டிருக்கும். அதைக் கையால் பிடிக்கலாம், எறியலாம், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடலாம். பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கஜம். பந்தை வைத்திருக்கும் கோஷ்டி நாலு முயற்சிக்குள் 10 கஜமாவது முன்னேறியாக வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நாலு முயற்சி. தவறினால் பந்து எதிர்க்கட்சிக்கு. பந்தோடு ஓடுகிறவனை எதிராளி ஓடிவந்து மோதி, கட்டிப் பிடித்து, மண்ணில் சாய்க்கலாம். அதற்குத் தடையில்லை. ஆகவேதான் தலையில் கவசம், தோளில் மெத்தை.

இந்த 22 பையன்களுக்கு நடுவே கறுப்பு வெள்ளை வரிச்சட்டை போட்ட ஐந்து பேர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களே மத்தியஸ்தர்கள். வெள்ளைத் தொப்பிக்காரர் ரெபரி, அதாவது தலைவர். கறுப்புத் தொப்பி போட்ட மற்ற நால்வரும் அம்பயர், லைன்ஸ்மன், லைன் ஜட்ஜ், பாக் ஜட்ஜ். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு மஞ்சள் துணி செருகியிருக்கும். தவறு கண்டால் அதை உருவி வீசுவார்கள். ஒரு காலத்தில் கொம்பு ஊதித்தான் தவறைத் தெரிவித்தார்கள். கூட்டத்தின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. 1941-ல் ஓஹையோ மாநிலத்து யங்ஸ்டவுன் கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர், தம் மனைவியைத் துணிக்கொடி தைக்கச் சொல்லி மத்தியஸ்தர்கள் கையில் கொடுத்தார். அந்தக் கொடி சிவப்பும் வெள்ளையும். மஞ்சள் பின்னால் வந்தது.

பகலில் இவர்கள் வேறு ஆசாமிகள். ஒருவர் வாத்தியார், ஒருவர் இன்ஷூரன்ஸ் ஏஜண்டு, ஒருவர் தபால்காரர். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை கிடைக்கும். சட்டை, தொப்பி, ஜோடு எல்லாம் பெரும்பாலும் கைக்காசு. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இவர்களில் அநேகர். பதினேழு வயதுப் பையனோடு சேர்ந்து ஓடி, அவன் கால் எந்தக் கோட்டை மிதித்தது, கை எவன் சட்டையைப் பிடித்தது என்று நொடிக்குள் சொல்ல வேண்டிய பொறுப்பு இந்த ஆசாமிகளுடையது.

அந்தப் பொறுப்பு ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே போகிறது. வளர்ப்பவர்கள் விதி எழுதுகிறவர்கள்.

ஜனவரியும் செப்டம்பரும்

மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசிய சம்மேளனம் 1920-ல் தோன்றியது. இண்டியானாபொலிஸ் நகரில் அதன் தலைமைக் காரியாலயம். அதன் புட்பால் விதிக்குழு ஆண்டுதோறும் ஜனவரியில் கூடுகிறது. மாநிலச் சங்கங்கள் அனுப்பிய யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்து விவாதிக்கிறார்கள், வேண்டாதவற்றைத் தள்ளுகிறார்கள், வேண்டியவற்றுக்கு வாசகம் செதுக்குகிறார்கள். மேல் சபையின் ஒப்புதல் கிடைத்ததும் அவை புத்தகத்தில் ஏறிவிடும். இன்ன சந்தர்ப்பத்தில் இன்ன தீர்ப்பு என்று உதாரணங்களோடு விளக்கும் இன்னொரு புத்தகமும் கூடவே வரும். 14,000-க்கு மேற்பட்ட பள்ளிகளில் சுமார் 10 லட்சம் மாணவர்கள் இந்தப் புத்தகத்தின் பிரகாரம்தான் ஆடுகிறார்கள். டெக்சாஸ் மாநிலம் மட்டும் கல்லூரி விதிகளைத் தழுவி ஆடுகிறது. மாசசூசெட்ஸும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. 2019-ல் அது சம்மேளன விதிகளுக்கு வந்து சேர்ந்தது.

ஜனவரியில் அந்த அறையில் மேஜை உண்டு, நாற்காலி உண்டு, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வசதி உண்டு. செப்டம்பரில் மைதானத்தில் இவை எதுவும் இல்லை. கோடை விடுமுறையில் மாநிலச் சங்கம் நடத்தும் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதித் தேறி, புது ஷரத்துகளை நெட்டுருப் பண்ணிக்கொண்டு மத்தியஸ்தர் மைதானத்துக்கு வருகிறார். புதிய விதியைப் படித்துவிடலாம். பழைய விதியை மறப்பதுதான் கஷ்டம். இருபது ஆண்டு ஒரு காட்சியைக் கண்டால் சும்மா இருந்து பழகிய கை, இந்த ஆண்டு அதே காட்சிக்குக் கொடியை உருவ வேண்டும்.

சென்ற ஐம்பது ஆண்டுகளில் வந்த விதி மாற்றங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தால் அவை இரண்டு ஜாதியாகப் பிரிவது தெரியும். பந்து எங்கே இருந்தது, கால் எங்கே இருந்தது, எத்தனை விநாடி ஆயிற்று என்று கேட்பவை ஒன்று. அவன் ஏன் அப்படிச் செய்தான், எவ்வளவு பலத்தோடு செய்தான், எதிராளி அதைக் கண்டானா என்று கேட்பவை மற்றொன்று. முதல் ஜாதிக்குக் கண் போதும். இரண்டாவதற்கு மனிதன் மனத்துக்குள்ளே புகுந்து பார்க்க வேண்டும். மத்தியஸ்தர்களின் தலைவலி முழுவதும் இந்த இரண்டாவது ஜாதியில் இருக்கிறது. பையன்களின் உயிரைக் காக்க வந்த விதிகளில் பெரும்பாலானவையும் அந்த ஜாதிதான் என்பது சங்கடமான விஷயம்.

36 சாவு

இந்த ஆட்டம் ஆளைக் கொல்லும் என்பது பழைய சமாசாரம். 1905-ம் ஆண்டில் மாணவர்கள் அடுத்தடுத்து மாண்டதைக் கண்டு ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசினார். பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி 1906-ல் பிறந்தது அந்தக் கலவரத்தின் பயனாக. அதற்கு முன் எல்லோரும் ஒரே குவியலாக முட்டி மோதிக்கொள்வதே ஆட்டமாக இருந்தது.

பள்ளிக்கூடப் பையன்களுக்கு வந்த பெரிய ஆபத்து அதற்கும் வெகுகாலம் பின்னால். முன்பெல்லாம் தலைக்கவசம் தோலால் ஆனது. பிறகு பிளாஸ்டிக் ஓடும், முகத்துக்குக் கம்பியும் வந்தன. மூக்கு உடைவது குறைந்தது. பல் உதிர்வது நின்றது. ஆனால் வேறொன்று நடந்தது. தலைக்கு நோகாது என்று தெரிந்ததும் தலையையே ஆயுதமாக்கிவிட்டார்கள். எதிராளியின் மார்பிலே தலையைக் கொடுத்து முட்டு என்று பயிற்சியாளர்களே சொல்லிக் கொடுத்தார்கள். கவசம் மண்டையைக் காத்தது, கழுத்தைக் காக்கவில்லை. குனிந்த தலையோடு மோதும்போது கழுத்தெலும்பு நேராக நிமிர்ந்து, மோதலின் பாரம் முழுவதையும் தாங்குகிறது. தாங்க முடியாதபோது முறிகிறது.

1968-ம் ஆண்டில் மட்டும் இந்த ஆட்டத்தில் அடிபட்டு நேரடியாக இறந்தவர்கள் 36 பேர். பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும் அடி. இறவாமல் கழுத்துக்குக் கீழே உணர்ச்சியற்றுப் படுக்கையில் விழுந்தவர்கள் தனி. பிலடெல்பியா டாக்டர் ஜோசப் டோர்க் 1975-ல் இத்தகைய காயங்களுக்கென்றே ஒரு பதிவேடு ஆரம்பித்துக் கணக்கெடுத்தார். தலைக்கவசத்தைக் கொண்டு முதல் மோதல் மோதுவது குற்றம் என்று 1976-ல் பள்ளி விதியிலும் கல்லூரி விதியிலும் ஏறியது.

பலன் கைமேல் தெரிந்தது. கழுத்து முறிந்து கைகால் விளங்காமல் போனவர்கள் 1976-ல் 34 பேர்; 1984-ல் 5 பேர். தலைக்கவசம் இன்ன சோதனையில் தேற வேண்டும் என்ற நிபந்தனையும் 1980-ல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்தது. 1990-ல், கணக்கு வைக்கத் தொடங்கிய 1931-க்குப் பிறகு முதல் தடவையாக, நேரடிச் சாவு ஒன்றுகூட இல்லை.

இந்தக் கதையில் மத்தியஸ்தரின் பங்கு என்ன என்று கேட்டால் விடை விசித்திரமானது. அந்தத் தவறுக்கு அவர்கள் கொடி வீசியது அபூர்வம். ஆட்டத்துக்கு ஆட்டம் பையன்கள் தலை குனிந்து முட்டத்தான் செய்தார்கள். மஞ்சள் துணி இடுப்பிலேயே இருந்தது. வேண்டுமென்று குனிந்தானா, ஓடுகிறவனும் குனிந்ததால் தலையோடு தலை பட்டதா என்று சொல்ல முடியவில்லை. அப்படியானால் சாவு எப்படிக் குறைந்தது? விதி வந்ததும் பயிற்சியாளர்கள் சொல்லிக் கொடுக்கும் முறையை மாற்றிக்கொண்டார்கள். தலையை நிமிர்த்து, தோளைக் கொடு என்றார்கள். மாற்றம் நடந்தது பயிற்சி மைதானத்தில். அங்கே மத்தியஸ்தர் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை இரவில் கொடி விழக்கூடும் என்ற பயம் ஒரு மூலையில் இருந்திராவிட்டால் எத்தனை பயிற்சியாளர்கள் மாறியிருப்பார்கள் என்பது யோசிக்க வேண்டியது.

விதியைப் பற்றி மத்தியஸ்தர்கள் முணுமுணுக்கும்போதெல்லாம் இந்த 34-ம் 5-ம் நினைவில் இருக்க வேண்டும்.

ஓடுகிறவன் ஒரு பக்கம், அடிபடுகிறவன் ஒரு பக்கம்

2010-க்குப் பிறகு வந்த விதிகள் இன்னும் நுட்பமானவை. மூளை அதிர்ச்சி என்னும் உபாதையைப் பற்றி மருத்துவர்கள் சொன்னது பெற்றோர் காதில் விழுந்த காலம் அது. வாஷிங்டன் மாநிலம் 2009-ல் இதற்கென்று தனிச் சட்டமே செய்தது. 2014-க்குள் 50 மாநிலங்களும் அதைப் பின்பற்றிவிட்டன.

முன்பு, மயக்கம் போட்டதாகத் தோன்றும் பையனை ரெபரி வெளியே அனுப்புவார். மயக்கமா இல்லையா என்ற ஒரே கேள்வி. 2010-ல் விதி மாறியது. தலைசுற்றல், தடுமாற்றம், குழப்பம், நினைவு தவறுதல் என்று மூளை அதிர்ச்சியின் அறிகுறி எது தென்பட்டாலும் உடனே வெளியேற்ற வேண்டும். தகுதியுள்ள மருத்துவ ஊழியர் அனுமதித்தாலன்றித் திரும்பி வரக் கூடாது. மத்தியஸ்தர் வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை, கண்டதைச் சொன்னால் போதும் என்று சம்மேளனம் விளக்கியது. விளக்கம் நியாயமானது. ஆனால் மைதானத்தில் நடப்பதைப் பாருங்கள். எழுந்து நிற்கும் பையன் தன் கோஷ்டி இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப் பக்கம் இரண்டடி வைக்கிறான். ரெபரி கூப்பிடுகிறார். “ஒன்றுமில்லை சார், நன்றாக இருக்கிறேன்” என்கிறான். அவன் கோஷ்டியின் முக்கியமான ஆட்டக்காரன். ஆட்டம் முடிய மூன்று நிமிஷம். அனுப்பினால் ஓர் ஊரே பகை. அனுப்பாமல் விட்டு அடுத்த மோதலில் அவன் விழுந்துவிட்டால்? இந்த விஷயத்தில் நல்ல மத்தியஸ்தர்கள் கண்டுபிடித்துள்ள வழி ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் அனுப்பிவிடுவது. பையன் அழுதாலும் சரி.

இதைவிடச் சிக்கலானது 2014-ல் வந்த ‘குறிவைத்து மோதல்’ விதி. எதிராளியின் தோளுக்கு மேலே குறி பார்த்து, தலைக்கவசத்தாலோ முழங்கையாலோ தோளாலோ தாக்குவது குற்றம். தண்டனை 15 கஜம். கல்லூரி ஆட்டத்தில் இதற்கு ஆளையே வெளியேற்றுகிறார்கள்; ஆனால் அங்கே படத்தை ஓட்டிப் பார்த்து முடிவை மாற்ற வசதி உண்டு. பள்ளியில் அந்த வசதி இல்லாததால், அப்பட்டமான கொடுமையாக இருந்தாலன்றி வெளியேற்றம் கட்டாயமில்லை என்று வைத்தார்கள். இது விவேகமான காரியம். இருந்தாலும் குறி பார்த்தானா என்று தீர்மானிக்க வேண்டியவர் மத்தியஸ்தர்தானே? மோதுகிறவன் பாய்ந்த பிறகு, ஓடுகிறவன் குனிகிறான். மார்புக்கு வந்த தோள் முகத்தில் படுகிறது. குற்றவாளி யார்?

2017-ல் வந்தது குருட்டுப் பக்கத்து மோதலைத் தடுக்கும் விதி. இதைச் சற்று விவரமாகச் சொன்னால்தான் மத்தியஸ்தரின் நிலைமை விளங்கும். எதிர்க்கட்சி உதைத்த பந்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் ஓடுகிறான். கூட்டம் முழுவதும் எழுந்து நிற்கிறது. எல்லார் கண்ணும் அவன்மேல். அவனைத் துரத்திக்கொண்டு எதிராளி ஒருவன், பந்தையே பார்த்தபடி முழு வேகத்தில் வருகிறான். அவனுடைய பக்கவாட்டிலிருந்து, அவன் பார்வைக்கு எட்டாத திசையிலிருந்து, ஓடுகிறவனுடைய தோழன் ஒருவன் பாய்ந்து வந்து தோளால் இடிக்கிறான். இடிபட்டவன் இரண்டு காலும் தரையை விட்டு எழும்ப, மல்லாந்து விழுகிறான். முன்பெல்லாம் இது வீரம். கூட்டம் ஆரவாரிக்கும், மறுநாள் பள்ளியில் அவன் பெயரே பேச்சாக இருக்கும். 2017 முதல் இது குற்றம். கையை விரித்து முன்னே நீட்டித் தடுத்தால் மட்டும் குற்றமில்லை.

ஆகவே மத்தியஸ்தர் மூன்று விஷயங்களைக் காண வேண்டும். அடிபட்டவனுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து வந்தானா? பலமாக மோதினானா? கை விரித்திருந்ததா? இத்தனையும் அரை விநாடியில். அதுவும் பந்து இருக்கும் இடத்துக்கு முப்பது கஜத்துக்கு அப்பால். பந்தைப் பார்க்கக் கூடாது என்பதுதான் மத்தியஸ்தனுக்கு முதல் பாடம் என்று அத்தொழிலில் பழுத்தவர்கள் சொல்லுவதுண்டு. ஆனால் மற்ற ஆயிரம் பேரும் பந்தைத்தான் பார்க்கிறார்கள். பையன் ஓடிப் போய்க் கோட்டைத் தாண்டிவிட்டான், 6 புள்ளி, பாண்டு வாசிக்கத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் அங்கே, நடு மைதானத்தில், யாரும் பாராத இடத்தில் ஒரு மஞ்சள் துணி கிடப்பது தெரிகிறது. புள்ளி ரத்து!

அந்தத் துணியை வீசியவர் அன்றிரவு தம் மோட்டாருக்குப் போய்ச் சேருவதற்குள் கேட்கும் வார்த்தைகளை இங்கே அச்சிட முடியாது. அடிபட்ட பையனின் தாயார் மட்டும் ஒரு மூலையில் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பாள்.

சுமையை இறக்கிய விதிகள்

விதிக்குழு சுமை ஏற்றுவதை மட்டுமே தொழிலாக வைத்திருக்கிறது என்றால் அநியாயம். சில மாற்றங்கள் மத்தியஸ்தரின் தோளிலிருந்து பாரத்தை இறக்கியிருக்கின்றன. அவற்றுக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை, பத்திரிகைகளும் எழுதுவதில்லை.

ஆட்டத்தை ஆரம்பிக்க எவ்வளவு நேரம் கொடுப்பது என்ற விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். பழைய விதிப்படி ரெபரி, பந்து தயார் என்று சைகை காட்டுவார்; அதிலிருந்து 25 விநாடி. ஒரு ரெபரி உடனே காட்டுவார். இன்னொருவர் ஆற அமர மூச்சு வாங்கிக்கொண்டு காட்டுவார். ஊருக்கு ஊர் வேகம் வேறு. 2019-ல் இதை மாற்றினார்கள். முந்திய ஆட்டம் முடிந்த கணத்திலிருந்தே 40 விநாடி ஓடத் தொடங்கிவிடும். பெரிய கடிகாரம் இல்லாத மைதானத்தில் பாக் ஜட்ஜ் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, 10 விநாடி இருக்கும்போது கையை உயர்த்துகிறார். கடைசி ஐந்து விநாடியைக் கையாலேயே எண்ணிக் காட்டுகிறார். யார் குணம் எப்படி என்ற பேச்சுக்கு இடமில்லை.

2022-ல் வந்த மாற்றம் இதைவிட நல்லது. பந்து எறிகிறவன், பிடிபடப் போகிறோம் என்று பயந்து வெறுமையான இடத்தில் பந்தை வீசிவிடுவது நெடுநாளாகக் குற்றமாக இருந்தது. அவன் வேண்டுமென்று வீசினானா, தோழன் வருவான் என்று நம்பி வீசினானா என்று மத்தியஸ்தர் ஊகிக்க வேண்டியிருந்தது. புதிய விதி ஊகத்தை ஒழித்துவிட்டது. நடுவே உள்ள குறிப்பிட்ட எல்லையைத் தாண்டி வெளியே வந்து எறிந்தானா? பந்து, ஆட்டம் தொடங்கிய கோடு வரையாவது போயிற்றா? இரண்டுக்கும் ஆம் என்றால் குற்றமில்லை. நோக்கத்தைப் பற்றிய கேள்வி இடத்தைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. எறிகிறவனும் வீணாக அடி வாங்க வேண்டியதில்லை. ஒரே வாசகத்தில் பையனுக்கும் மத்தியஸ்தருக்கும் நன்மை செய்த விதி இது. விதி எழுதுகிறவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

2023-ல் தண்டனையைக் கணக்கிடும் இடத்தையும் எளிதாக்கினார்கள். பந்து வைத்திருக்கும் கோஷ்டியில் ஒருவன் கோட்டுக்கு 7 கஜம் பின்னால் எதிராளியைப் பிடித்து இழுத்தால், முன்பு அந்த இடத்திலிருந்து 10 கஜம் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஆக 17 கஜம் போய்விடும். இரண்டு பேருக்கு நடுவில் நடந்த இழுபறி சரியாக எந்த இடத்தில் என்று லைன் ஜட்ஜும் ரெபரியும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். இப்போது அத்தகைய பெரும்பாலான தவறுகளுக்கு ஆட்டம் தொடங்கிய கோட்டிலிருந்தே 10 கஜம். தண்டனையும் நியாயமாயிற்று, கணக்கும் சுருங்கிற்று.

சனிக்கிழமை வக்கீல்கள்

மத்தியஸ்தருக்கு இன்னொரு தொல்லை தொலைக்காட்சி. அமெரிக்கன் சனிக்கிழமை கல்லூரி ஆட்டம் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை ஆட்டம் பார்க்கிறான். மூன்றுக்கும் விதி வேறு வேறு. ஆனால் வெள்ளிக்கிழமை மைதானத்தில் உட்கார்ந்து அவன் வாதாடுவது மற்ற இரண்டு நாள் விதியை வைத்துக்கொண்டு.

உதைத்த பந்து இறுதிக் கோட்டைத் தாண்டியதும் பள்ளி விதிப்படி ஆட்டம் நின்றுவிடும். பையன் அதை எடுத்துக்கொண்டு ஓட முடியாது. விசில் ஊதியதும், “ஏன் நிறுத்தினாய்?” என்று கூச்சல் கிளம்புகிறது. எறிந்த பந்தைப் பிடிக்க விடாமல் தடுத்தால் கல்லூரியிலும் தொழில்முறையிலும் எதிர்க்கோஷ்டிக்குத் தானாகவே புதிய நாலு முயற்சி கிடைக்கும். பள்ளியில் 2013-லேயே அதை எடுத்துவிட்டார்கள். 15 கஜம் மட்டும். “அந்தப் பந்து யாருக்கும் எட்டாத பந்து, தவறே இல்லை” என்று தொலைக்காட்சி விமரிசகர் சொல்லக் கேட்டவர் இங்கேயும் அதையே சொல்கிறார். பள்ளி விதியில் அப்படி ஒரு சலுகை கிடையாது. சரியான தீர்ப்புச் சொன்னதற்காகவே வசவு வாங்குகிறவர் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்!

பெற்றோர் கையில் இருக்கும் டெலிபோனே இப்போது படக் கருவி. மத்தியஸ்தர் ஒரு தடவை, ஒரு கோணத்தில், ஓடிக்கொண்டே கண்டதை, அவர்கள் பத்துத் தடவை நிறுத்திப் பார்த்து ஊரெங்கும் அனுப்பிவிடுகிறார்கள். இறுதிச் சுற்றுப் பந்தயங்களில் படத்தைப் பார்த்து முடிவு செய்ய விரும்பும் மாநிலங்கள் அப்படிச் செய்துகொள்ளலாம் என்று 2019-ல் சம்மேளனம் அனுமதித்தது. ஆனால் சாதாரண வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் பெற்றோரிடம் படம் இருக்கிறது, ரெபரியிடம் இல்லை.

ஆள் எங்கே?

வசவோடு நின்றாலும் பரவாயில்லை. 2015 செப்டம்பரில் டெக்சாஸில் நடந்த ஒரு பள்ளிப் பந்தயத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் அம்பயரைப் பின்னாலிருந்து தாக்கினார்கள். ஒருவன் முதுகில் மோதிச் சாய்த்தான். இன்னொருவன் விழுந்தவர்மேல் பாய்ந்தான். அந்தப் படம் உலகம் சுற்றி வந்தது. அம்பயரின் இடமே ஆபத்தானது. தடுக்கும் கோஷ்டியின் முதல் வரிசைக்குப் பின்னால், மோதலின் நடு மையத்தில் அவர் நிற்கிறார். தொழில்முறை ஆட்டத்தில் அவரைப் பாதுகாப்பாக வேறு பக்கம் மாற்றியது 2010-ல். ஐந்து பேர் மட்டும் உள்ள பள்ளி ஆட்டத்தில் மாற்றுவதற்கு இடமில்லை.

இவற்றின் விளைவை எண்ணிக்கையில் காணலாம். 2018-19 முதல் 2021-22 வரையிலான காலத்தில், எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்துச் சுமார் 50,000 பேர் பள்ளி மத்தியஸ்த வேலையை விட்டுப் போனார்கள் என்று தேசிய சம்மேளனம் மதிப்பிட்டது. கொள்ளை நோய் ஒரு காரணம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கூட்டத்தின் வசைதான் பெரிய காரணம் என்று விட்டுப் போனவர்களே சொன்னார்கள். ஆள் பற்றாமல் பல இடங்களில் வெள்ளிக்கிழமை ஆட்டத்தை வியாழக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் மாற்றினார்கள். சட்டம் போட்டுக் காப்பாற்றிய வெள்ளிக்கிழமை, விசில் ஊத ஆள் இல்லாமல் வியாழக்கிழமையாயிற்று!

ஒரு பக்கம் காண வேண்டியவை பெருகுகின்றன. மறு பக்கம் காணும் கண்கள் குறைகின்றன. புதிய ஷரத்து ஒன்றை எழுதும்போது, இதை யார், எங்கே நின்று பார்ப்பார் என்று விதிக்குழு முதலில் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சில மாநிலங்கள் முக்கியமான ஆட்டங்களுக்கு ஏழு பேரை நியமிக்கின்றன. அது சரியான வழி. ஆனால் ஐந்து பேருக்கே ஆள் தேடும் ஜில்லாக்களில் ஏழு பேர் எங்கிருந்து வருவார்கள்? கீழ் வகுப்புப் பையன்களின் ஆட்டங்கள் நாலு பேரோடும், மூன்று பேரோடும்கூட நடக்கின்றன. கழுத்து எல்லாப் பையனுக்கும் ஒரே கழுத்துதான்.

2025-ம் ஆண்டுப் பருவத்துக்கு வந்த மாற்றங்களில் ஒன்று பார்வைக்கு மிகச் சிறியது. ஓடுகிறவன் பந்தை முன்பக்கமாக நழுவவிட்டு, அது பக்கக் கோட்டைத் தாண்டி உருண்டுவிட்டால், முன்பு அது வெளியேறிய இடத்திலேயே பந்தை வைப்பார்கள். நழுவவிட்டே நாலு கஜம் சம்பாதிக்க முடிந்தது. 2025 முதல் நழுவிய இடத்துக்கே பந்து திரும்பிவிட வேண்டும். நியாயமான விதி; நோக்கத்தைக் கேட்காமல் இடத்தைக் கேட்கும் விதி. இதற்காக மத்தியஸ்தர் இடுப்பில் கொடியோடு ஒரு சிறு பையும் செருகியிருக்கிறார். பந்து நழுவிய இடத்தில் அதைப் போட்டு அடையாளம் வைக்க வேண்டும். நாலு பேர் மட்டும் உள்ள ஆட்டத்தில், பந்து நழுவும் கணத்தில், அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய மத்தியஸ்தர் பல சமயம் இருபது கஜத்துக்கு அப்பால் ஓடி வந்துகொண்டிருக்கிறார்.